குருதி யாருக்குச் சாட்சி?

பாரிசவாதம் என்று நாம் வழங்கும் நோயைக் கொரிய மக்கள் நெடுங்காலமாக 'ஜுங்புங்' என்று வழங்கி வந்துள்ளனர். காற்றினால் தாக்குண்ணல் என்பது அச்சொல்லின் பொருள். நமது சொல்லினுள்ளும் 'வாதம்' என்னும் பெயரோடு அதே காற்றுத்தான் குடியிருக்கின்றது. நேற்றுவரை வயலிலும் ஆலையிலும் உழைத்த ஒருவன் இன்று காலையில் வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சிழந்து வீழ்வதைக் கண்ட பண்டைய மனிதன், கண்ணுக்குப் புலப்படாத ஒன்று அவனை அடித்து வீழ்த்திற்று என்று எண்ணியதில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறொன்று. மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் விளைகின்றதென ஐயமற அறிந்துவிட்ட இக்காலத்தில், நோயாளியின் நாவையும் நாடியையும் கண்டு பழைய மருத்துவன் சொன்ன பெயர்களுக்கு, அதே நோயாளியின் குருதியைக் கொண்டே நற்சான்று எழுதுவிக்க முயல்கின்றனர் சிலர். இம்முயற்சியைப் பற்றியே நாம் இங்கு பேச எண்ணுகின்றோம்.

இதனை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. ஏளனம் எளிது, அதனாற் பயனடைபவர் எவருமிலர். முயற்சி யாதென முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம்.

தென்கொரியாவில் இருவகை மருத்துவர் சட்டத்தால் ஏற்கப்பட்டுள்ளனர். ஒருவர் நவீன மருத்துவர்; மற்றவர் 'ஹான்' மருத்துவர் எனப்படும் மரபு மருத்துவர். இருவருக்கும் ஆறாண்டுக் கல்வி, தனித்தனி உரிமப் பரீட்சை, தனித்தனி வைத்தியசாலை. பாரிசவாதத்தால் வீழ்ந்தவர், குறிப்பாக முதல் நாட்கள் கழிந்த பின்னர், ஹான் மருத்துவ வைத்தியசாலையை நாடுவது அந்நாட்டில் சாதாரண நிகழ்ச்சி. அங்கே மருத்துவர் நோயாளியின் முகநிறம், நா, நாடி, குரல், தாகம், மலம் ஆகியவற்றைக் கண்டு, அவருடைய நிலையை ஒரு வகுப்பினுள் அடக்குகின்றார். முகம் சிவந்து, தாகமெடுத்து, நாவில் மஞ்சட் படலம் படிந்து, நாடி விரைந்து துள்ளினால் அது 'தீவெப்பம்'. உடல் பருத்து, தொண்டையிற் கோழை இரைந்து, நா பிசுபிசுத்தால் அது 'ஈரக்கோழை'. முகம் வெளிறிக் குரல் தாழ்ந்து நாடி மெலிந்தால் அது 'கி' என்னும் உயிராற்றலின் குறைவு. உடல் இளைத்து, வாய் வறண்டு, நா சிவந்து படலமற்றிருந்தால் அது 'யின்' என்னும் குளிர்ந்த ஊட்டத்தின் குறைவு. ஐந்தாவதாகக் 'குருதித் தேக்கம்' என்ற வகுப்பும் உண்டு. வகுப்புக்கு வகுப்பு கஷாயம் வேறு.

ஒரே நோயாளியை இரு மருத்துவர் கண்டால் இரு பெயர் சொல்லக்கூடும் என்பதை அம்மருத்துவர்களே நன்கறிவர். 1994ஆம் ஆண்டில் அரசினால் அமைக்கப்பட்டு, தேஜோன் நகரில் இயங்கிவரும் கொரியக் கீழைத்தேய மருத்துவ ஆராய்ச்சி நிலையம், இக்குறையைக் களைய முற்பட்டது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து, பல பல்கலைக்கழகங்களின் ஹான் வைத்தியசாலைகளை ஒன்றுசேர்த்து, பாரிசவாத நோயாளரின் அறிகுறிகளை ஒரே படிவத்திற் பதியும் பெரும் வேலைத்திட்டத்தை அது மேற்கொண்டது. வகுப்புகளின் இலக்கணம் வரையறுக்கப்பட்டது, திருத்தப்பட்டது, மீண்டும் திருத்தப்பட்டது. அதனோடு நோயாளரின் குருதியும் எடுக்கப்பட்டது. வெண்கலங்களின் எண்ணிக்கை, ஈமோகுளோபின், குளுக்கோசு, கொலஸ்திரோல், திரைகிளிசரைட்டு, ஈரல் நொதியங்கள் என்பனவற்றோடு மரபணுக்கூறுகளும் ஆராயப்பட்டன. ஈரக்கோழை என்று மருத்துவர் சொன்னவர்களின் குருதி, தீவெப்பம் என்று சொல்லப்பட்டவர்களின் குருதியினின்றும் வேறுபடுகின்றதா? வேறுபடுமாயின், குருதியைக் கொண்டே வகுப்பைச் சொல்லிவிடலாமா? இவையே வினாக்கள்.

உழைப்பு பெரிது, அதில் ஐயமில்லை. தன் தொழிலின் தடுமாற்றத்தைத் தானே எண்ணிப் பார்க்கத் துணிந்த ஒரு மருத்துவக் கூட்டத்தாரை நாம் மதிக்கின்றோம். பழம்பெருமை பேசிக்கொண்டு அளவுகோலைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் கூட்டத்தைவிட இவர்கள் எவ்வளவோ மேலானவர்கள். ஆயினும், தவறான வாயிலில் நின்று எவ்வளவு நேரம் தட்டினாலும் வேண்டிய வீட்டினுள் நுழைய முடியாது.

அவர்கள் ஏன் இவ்வாயிலைத் தேர்ந்தனர்? இதற்கு விடை ஆய்வுகூடத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கின்றது.

1610இல் ஹொ ஜுன் என்னும் அரச வைத்தியர் எழுதி முடித்து, 1613இல் அச்சேறிய 'தொங்குய் போகம்' என்ற இருபத்தைந்து தொகுதி நூல் கொரிய மருத்துவத்தின் மாபெரும் ஏடு. எளிய மக்கள் தம் மண்ணில் விளையும் மூலிகைகளை அறிந்து பயன்கொள்ள வேண்டும் என்பதற்காக, மூலிகைகளின் பெயர்களை மக்கள் வழங்கும் கொரியச் சொல்லிலும் எழுதிவைத்த நூல் அது. 2009இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. இத்தகைய மரபினருக்கு நேர்ந்தது யாது? 1910இல் யப்பானிய ஏகாதிபத்தியம் கொரியாவை விழுங்கிற்று. மெய்ஜி காலத்திலேயே தன் நாட்டுப் பழைய மருத்துவத்தை ஒதுக்கிவிட்டிருந்த யப்பானிய அரசு, 1913ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவர் என்ற பெயரைக் கொரிய மரபு வைத்தியரிடமிருந்து பறித்து, 'மருத்துவ மாணவர்' என்று பொருள்படும் தாழ்ந்த பெயரொன்றைச் சூட்டியது. நரை திரண்ட வைத்தியர்கள் ஒரே கையெழுத்தில் மாணவராயினர்!

இன்னுமொன்றையும் ஈண்டு நினைவூட்ட வேண்டும். 1919இல், இரத்த வகைகளின் விகிதத்தைக் கொண்டு மக்களினங்களை வரிசைப்படுத்தும் முறையொன்று ஐரோப்பாவில் வெளியிடப்பட்டது. 1920களில் யப்பானிய ஆட்சியின் மருத்துவர்கள் அவ்வளவுகோலைக் கொரியாவிற்குக் கொண்டுவந்து, கொரியர் குருதியையும் யப்பானியர் குருதியையும் ஒப்பிட்டு எண்களை அடுக்கினர். 1927இல் பூருகாவா என்ற யப்பானியர், இரத்த வகையே மனிதனின் குணத்தைக் காட்டும் என்று எழுதினார். அந்தப் பொய்மை இன்றும் யப்பானிலும் கொரியாவிலும் பொழுதுபோக்குப் பேச்சாக உலவுகின்றது. குருதியை அளந்தவுடனே உண்மை பிறந்துவிடாது என்பதைக் கொரிய மக்களைப்போல அனுபவித்தறிந்தவர் சிலரே. குருதி பொய் சொல்வதில்லை. ஆனால் அதனிடம் கேட்கப்படும் கேள்வி பொய்யாக இருக்கலாம்.

விடுதலைக்குப் பின்னரும் போராட்டம் ஓயவில்லை. 1951இல், போரின் நடுவே, தற்காலிகத் தலைநகரான புசானில் கூடிய மன்றம் மரபு மருத்துவரைச் சட்டப்படி ஏற்றது. 1987இல் குத்தூசியும் சில தயாரிப்பு மருந்துகளும் தேசிய காப்புறுதியினுள் வந்தன. 1993இல் கஷாய மருந்தை விற்கும் உரிமை மருந்தாளருக்கா ஹான் மருத்துவருக்கா என்ற பூசல் மூண்டு, ஹான் மருத்துவ மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். 2020 நவம்பரில், முதியோரின் பாரிசவாதப் பின்விளைவு உள்ளிட்ட மூன்று நோய்களுக்குக் கஷாயத்தைக் காப்புறுதியின்கீழ் வழங்கும் முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. அதனை எதிர்ப்பதும் அவ்வாண்டு ஆகஸ்டில் நவீன மருத்துவர் நடத்திய வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்று. 2022 டிசம்பரில், ஹான் மருத்துவர் மீயொலிக் கருவியைப் பயன்படுத்துவது குற்றமாகாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு பெண்ணை ஏறத்தாழ அறுபத்தெட்டு முறை அக்கருவியால் நோக்கியும் அவருக்கிருந்த கருப்பைப் புற்றைக் காணத் தவறியவர் என்பதையும் மறத்தலாகாது. கருவியின் உரிமை யாருக்கு என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. அப்பெண்ணுக்கு நேர்ந்ததை அத்தீர்ப்பு மாற்றிவிடவில்லை.

இப்பின்னணியில் நின்று நோக்கும்போது, குருதிக் குறிகாட்டிகளைத் தேடும் வேட்கையின் வேர் நமக்குப் புலனாகின்றது. அவமதிக்கப்பட்டவன் தன்னை அவமதித்தவனின் மொழியிலேயே தனக்கொரு சான்றிதழ் கேட்கின்றான். வேட்கை நியாயமானது, அவமதிப்பு உண்மையானது. ஆனால் ஒருவன் அநீதிக்கு உள்ளானான் என்பதனால் அவன் கூற்று மெய்யாகிவிடாது. இவ்விரண்டையும் குழப்புவோர் அநீதியை எதிர்க்கும் அணிக்கே கேடு செய்கின்றனர்.

இனி அந்தச் சான்றிதழின் பெறுமதியைச் சோதிப்போம்.

முதலாவது, இது வட்டத்தினுள் ஓடும் ஓட்டம். குருதிக் குறிகாட்டி சரியா பிழையா என்பதை எதனோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கின்றனர்? மருத்துவர் சொன்ன வகுப்போடு. மருத்துவர் சொன்ன வகுப்பு சரியா பிழையா என்பதை எதனால் நிறுவப் போகின்றனர்? குருதிக் குறிகாட்டியால்! ஒருவர் தோளில் மற்றவர் ஏறிக்கொண்டு இருவரும் மரத்தை எட்ட முயல்வது போன்றது இது. இருவரும் நிற்பதற்கு வெளியே ஒரு தரை வேண்டும். இவ்வாராய்ச்சிகளிற் பலவற்றில் இரு மருத்துவர் தனித்தனியே ஒரே நோயாளியைக் கண்டு, இருவரும் ஒரே பெயர் சொன்ன நோயாளரை மாத்திரம் கணக்கில் எடுத்துள்ளனர். இதனால் ஆராய்ச்சி துப்புரவாகின்றது என்பது உண்மையே. ஆயின் இருவர் கருத்தும் வேறுபட்ட நோயாளர் எங்கே போயினர்? ஐயத்துக்கிடமான நோயாளரே வைத்தியசாலையின் அன்றாட நோயாளர். பரீட்சையிற் கடினமான வினாக்களை நீக்கிவிட்டு மாணவனுக்குப் புள்ளியிடும் ஆசிரியரை நாம் எவ்வாறு மதிப்போம்?

இரண்டாவது, எண்களின் மாயம். நூற்றுக்கு ஐந்து என்ற தற்செயல் வாய்ப்பை எல்லையாக வைத்து, இருபது குருதிப் பொருள்களைச் சோதிப்பதாகக் கொள்வோம். உண்மையில் எவ்வித வேறுபாடும் இல்லாதபோதும், அவ்விருபதில் ஒன்றேனும் 'வேறுபடுகின்றது' என்று பொய்யாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு அறுபத்துநான்கு. நான்கு வகுப்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் ஆறு சோடிகள். இருபது பொருளுக்கு நூற்றிருபது ஒப்பீடுகள். அவற்றுள் ஆறு வெறும் தற்செயலாகவே வெற்றிக்கொடி காட்டும். உயர்தர வகுப்பு மாணவனும் தாளிற் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. கவனமுள்ள ஆராய்ச்சியாளர் இதற்குத் திருத்தம் செய்வதுண்டு. ஆனால் திருத்தத்தைத் தாங்கி நின்றதோடு, வேறொரு வைத்தியசாலையின் வேறு நோயாளரிடத்தும் மீண்டும் தோன்றிய குறிகாட்டியே எண்ணத்தக்கது. ஒருமுறை பளிச்சிட்டு மறைவதை மின்மினி என்போம், விளக்கென்று சொல்லோம்.

மூன்றாவது, கூட்டத்தின் சராசரி வேறு, தனியொருவரின் நோய்க்கணிப்பு வேறு. இரு கூட்டங்களின் சராசரி நியம விலகலில் பாதியளவு வேறுபடுகின்றதெனக் கொள்வோம். போதிய நோயாளரைச் சேர்த்தால் இவ்வேறுபாடு ஐயமற நிறுவப்படும், கட்டுரையும் அச்சேறும். ஆனால் இரண்டின் நடுவே கோடு கிழித்து, அதனைக் கொண்டு தனி நோயாளரைப் பிரித்தால், நூற்றில் அறுபது பேரையே சரியாகச் சொல்லலாம். நாணயத்தைச் சுண்டி எறிந்தாலும் ஐம்பது பேரைச் சரியாகச் சொல்லிவிடலாமே! 'வேறுபாடு காணப்பட்டது' என்ற வாக்கியத்திலிருந்து 'நோயைக் கணிக்கலாம்' என்ற வாக்கியத்திற்கு ஒரே தாவலாகத் தாவுவோர், நடுவிலுள்ள இப்பள்ளத்தை வாசகர் கண்ணுக்குக் காட்டுவதில்லை.

நான்காவது, குருதி சொல்வது எதைப் பற்றி? ஈரக்கோழை வகுப்பினரிடத்தே கொழுப்புச் சார்ந்த அளவுகள் மிகுதியாயிருக்கக் கண்டனர் என்பது இவ்வாராய்ச்சிகளின் முடிவுகளுள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுவது. நாம் கேட்கின்றோம்: உடல் பருத்திருத்தலை அந்த வகுப்பின் அடையாளங்களுள் ஒன்றாக வைத்தவர் யார்? மருத்துவர்தாமே. பருத்த உடலினரைப் பொறுக்கியெடுத்து ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, அவர்கள் குருதியிற் கொழுப்பு மிகுந்திருக்கின்றதெனக் கண்டுபிடிப்பதற்கு ஆய்வுகூடம் எதற்கு? அவ்வாறே இளைத்த முதியவரை 'யின்' குறைவென்று ஒதுக்கியபின், அவர்கள் குருதியில் முதுமையின் அடையாளங்களைக் காண்பதும் புதுமையன்று. வயது, பால், உடற்பருமன், நீரிழிவு, புகைத்தல் ஆகியவற்றைக் கழித்தபின்னர் எஞ்சுவது எதுவோ அதுவே வகுப்புக்குரிய சொந்தச் சொத்து. எஞ்சுவது சிறிதெனின், வகுப்பு என்பது பழைய சட்டையணிந்த பருமனும் முதுமையும் என்பதன்றி வேறென்ன?

ஐந்தாவது விடயம் சிந்தனைக்குரியது. முன்னர்ச் சொன்ன ஐந்து வகுப்புகளுள், நவீன மருத்துவத்தின் குருதியுறைவு என்ற கருத்துக்கு வெளித்தோற்றத்தில் மிக அண்மையில் நிற்பது 'குருதித் தேக்கம்'. சீனத்தில் இவ்வகுப்பைக் குருதியின் பிசுக்குமையோடு இணைத்து ஆராய்ந்தோர் பலர். ஆயின் கொரியாவின் பாரிசவாதத் தரநிர்ணயம் திருத்தப்பட்டு வந்த வழியில், மூன்றாம் வடிவத்தில் எஞ்சியவை நான்கே வகுப்புகள். குருதித் தேக்கம் விடுபட்டுப் போயிற்று. குருதிக்குழாய் அடைபட்டு விளையும் நோயில், தேக்கம் என்ற பெயரே தனி வகுப்பாக நிலைக்கவில்லை! இதனைக் கண்டு நாம் நகைக்கவில்லை. தரவு தராததை ஏட்டின் பெருமைக்காக வைத்திராமல் நீக்கியது அறிவியலின் நேர்மை. ஒரு வகுப்பை நீக்கக் காட்டிய அதே துணிவை மற்றை நான்கின் மீதும் காட்டுக என்பதே எமது வேண்டுகோள்.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிக்கல் உண்டு. நிறைவான குறிகாட்டியொன்று கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது நாவும் நாடியும் பார்க்க வேண்டியதில்லை. குருதியைச் சோதிக்கும் எவரும் வகுப்பைச் சொல்லிவிடலாம். மரபு மருத்துவன் தன் கலையைக் காக்கப் புறப்பட்டுத் தன் கலைக்கே முடிவுரை எழுதியவனாவான். குறைவான குறிகாட்டியே கிடைக்குமாயின் அது எதையும் நிறுவாது. இருவழியிலும் சான்றிதழ் அவன் கைக்கு வரப்போவதில்லை.

எமக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவை சில உண்டு; அவற்றையும் எதிர்கொள்வோம்.

'முழுமனிதனை நோக்கும் கலையை எண்ணால் அளக்க முடியாது' என்பர் சிலர். அவ்வாறாயின் ஊசியைக் கீழே வையுங்கள். நோயாளியின் கையிலிருந்து ஒரு துளி குருதியை எடுத்த கணத்திலேயே, அளத்தலின் நியதிக்கு உட்படுகின்றோம் என்று ஒப்புக்கொண்டவராகின்றீர்கள். அளவு சாதகமானால் அறிவியல், பாதகமானால் அளக்கவொண்ணாத மறைபொருள் என்று இரட்டைக் கணக்கு வைத்தல் வணிகர் செயல்.

'நவீன மருத்துவமும் படுக்கையருகே கண்ட அறிகுறிகளிலிருந்தே பிறந்தது' என்பர் வேறு சிலர். உண்மை. சிறுநீரின் இனிப்பைக் கொண்டு நீரிழிவை அறிந்தவர் பண்டைய மருத்துவரே. பின்னர் குருதியிலுள்ள குளுக்கோசு அளவுகோலாயிற்று. ஆனால் அந்த அளவுகோல் நிலைபெற்றது எதனால்? பழைய வைத்தியரின் நாவோடு அது ஒத்துப்போனதால் அன்று. அளவு உயர்ந்தோரின் கண்ணும் சிறுநீரகமும் கெடுகின்றன என்பதும், அதனைக் கட்டுப்படுத்தினால் அக்கேடு குறைகின்றது என்பதும் நிறுவப்பட்டமையால். முதல்வகை நீரிழிவில் இதனை ஐயமறக் காட்டிய பேராராய்ச்சியின் முடிவு 1993இல் வெளிவந்தது. நோயாளியின் கண்ணே அங்கு வெளியே நின்ற சாட்சி. அவ்வாறே சீனத்தின் து யூயூ, நான்காம் நூற்றாண்டுக் கைந்நூலொன்றிலிருந்து குறிப்பெடுத்து, 1972இல் ஆட்டமிசினினைப் பிரித்தெடுத்த குழுவை வழிநடத்தினார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் பழைய நூலின் கோட்பாட்டுக்குக் குருதிச் சான்று தேடிக்கொண்டிருக்கவில்லை. மலேரியாக் கிருமி மடிகின்றதா, காய்ச்சற்காரன் எழுந்து உட்காருகின்றானா என்று பார்த்தார். மரபுக்கு அவர் தேடித் தந்த மதிப்பு, ஆயிரம் புகழுரைகளாலும் கிட்டாதது.

'மேனாட்டு மருத்துவத்தின் ஆணவத்திற்கு நீங்கள் துணைபோகின்றீர்கள்' என்று மூன்றாவது சாரார் எம்மைச் சாடக்கூடும். அந்த ஆணவத்தை நாம் அறியாதவரல்லர். 2024 பெப்ரவரியில், மருத்துவக் கல்லூரி அனுமதியை ஆண்டுக்கு இரண்டாயிரத்தால் உயர்த்தத் தென்கொரிய அரசு முற்பட்டபோது, பயிற்சி மருத்துவர் ஆயிரக்கணக்கில் வைத்தியசாலைகளை விட்டு வெளியேறினர். அரசின் போக்கிலும் பிழைகள் இருந்தன. மருத்துவரின் குறைகளும் முழுவதும் பொய்யல்ல. ஆனால் சத்திரசிகிச்சைகள் பின்தள்ளப்பட்டபோது காத்துக்கிடந்தவர் யார்? கருவியுரிமைக்காக ஒரு சாரார் வழக்காடவும், எண்ணிக்கை வரம்புக்காக மறுசாரார் வெளிநடக்கவும், இடையில் நோயாளி என்றொருவர் படுத்திருக்கின்றார். அவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினரல்லர். நாம் அவருடைய பக்கத்தில் நின்றே இவ்விரு சாராரையும் வினவுகின்றோம்.

அவருக்கு நேர்வதென்ன? மூளையின் பெரிய குழாயொன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழப் பத்தொன்பது இலட்சம் நரம்புக்கலங்கள் மடிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துள் ஏற்ற வேண்டும். குழாய் வெடித்தவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் அது நஞ்சாகும். அடைப்பா, வெடிப்பா என்பதை நாடி சொல்லாது, நா சொல்லாது, நடைமுறையில் அதனைத் தீர்ப்பது தலையைப் படமெடுக்கும் சீ.ரீ. கருவியே. ஆனாற் கொரியாவில், வீழ்ந்தவரின் வாயில் 'சொங்சிம்' உருண்டையைக் கரைத்து ஊற்றுவதும், விரல் நுனியைக் குத்திக் குருதி வடிப்பதும் குடும்பங்களிடையே நீண்டநாட் பழக்கம். விழுங்க இயலாதவர் வாயில் ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கலாம். கழிந்த மணி நேரம் மீளாது. அவ்வாறு செய்யற்க என நவீன மருத்துவர் மட்டுமன்றிப் பொறுப்புள்ள ஹான் மருத்துவரும் எச்சரிக்கின்றனர். இந்நிலையில், பழைய வகுப்புகளைக் குருதியே மெய்ப்பித்துவிட்டது என்ற அரைகுறைச் செய்தி பாமர மக்களின் காதில் விழுமானால், ஒரு மகன் தன் தாயை எந்த வண்டியில் ஏற்றி எந்த வாயிலுக்குக் கொண்டுசெல்வான்? ஆராய்ச்சித் தாளின் இறுதிப் பத்தியில் எழுதப்படும் மிகையான ஒரு வாக்கியம், நள்ளிரவில் ஓர் ஏழை வீட்டில் அரை மணி நேரமாக மாறுகின்றது. அந்த அரை மணி நேரத்தின் விலை ஒரு கை, ஒரு கால், ஒரு நாக்கு.

அதற்காக மரபு மருத்துவத்துக்கு இடமேயில்லை என்று நாம் சொல்லவில்லை. முதல் நாட்களின் அவசரம் தணிந்தபின் வருவது நீண்ட இரவு. நடக்கப் பழகல், விழுங்கப் பழகல், பேசப் பழகல், மலச்சிக்கல், தூக்கமின்மை, தோள்நோவு, மனச்சோர்வு. இக்காலத்தில் நவீன வைத்தியசாலை நோயாளியை விரைந்து வெளியே அனுப்பிவிடுகின்றது. வீட்டிலே மனைவியோ மகளோ கூலியின்றிச் சுமக்கின்றாள். ஹான் மருத்துவர் அருகிருந்து தொட்டுப் பார்த்து நேரமெடுத்துக் கேட்கின்றார் என்பதே அவரை நாடிச் செல்லப் போதிய காரணமாகிவிடுகின்றது. அவர்கள் கஷாயமும் ஊசியும் இங்கே பயனளிக்குமோ அளிக்காதோ என்பது திறந்த வினா. திறந்த வினாவைத் திறந்த முறையாற் சோதிக்கலாம்.

வழி சிக்கலானதன்று. பாரிசவாதத்தினின்று மீண்டுவரும் நோயாளரைச் சீட்டுக் குலுக்கிய முறையில் இரு கூட்டமாக்குங்கள். ஒரு கூட்டத்துக்கு வகுப்பைக் கணித்து, அவ்வகுப்புக்குரிய கஷாயத்தைக் கொடுங்கள். மறு கூட்டத்துக்கு வகுப்பைப் பாராது எல்லோருக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுங்கள். யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியாதிருக்கட்டும். தொண்ணூறாம் நாள் வந்து அளப்பவரும் அறியாதிருக்கட்டும். அன்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இவர் தானாக எழுந்து நடக்கின்றாரா? கரண்டியைப் பிடிக்கின்றாரா? பிறர் துணையின்றிக் கழிவறைக்குச் செல்கின்றாரா? வகுப்பின்படி மருந்துண்டவர் மேலோங்கி நின்றால், அந்த வகுப்புக்கு உயிருண்டு. திரைகிளிசரைட்டு என்ன சொன்னாலும் கவலையில்லை. நாம் முதலில் எழுந்து நின்று வணங்குவோம். இரு கூட்டமும் ஒன்றுபோல் இருந்தால், எத்தனை குருதிக் குறிகாட்டிகள் ஒத்துப்போனாலும் அவ்வகுப்பு ஏட்டில் மட்டும் வாழ்வதே. அப்பொழுது அதனைக் கௌரவமாக வரலாற்று நூலுக்கு அனுப்பிவைப்போம். நோயாளி குணமடைந்தாரா என்ற கேள்வியே இரு மருத்துவத்துக்கும் பொதுவான தரை. அத்தரையில் எவரும் எவருக்கும் மாணவரல்லர், எசமானரும் அல்லர்.

இக்கொரியச் செய்தி நமக்கு எதற்கென வாசகர் கேட்கலாம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தால் சித்தமும் ஆயுர்வேதமும் யூனானியும் ஏற்கப்பட்ட நாடு நம்முடையது. இங்கும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றுக்கும் ஆய்வுகூடத்தில் அளவைத் தேடுவோம் என்ற குரல் எழலாம். எழும்போது அது தேசப்பற்றின் உடையணிந்தே வரும். அன்னியன் அவமதித்ததை நாம் போற்றுகின்றோம் என்று சொல்லும். அப்பொழுது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும், முன்வாங்கில் இருக்கும் மாணவரும் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். எதனோடு ஒப்பிட்டீர்? எத்தனை முறை எண்ணிப் பார்த்தீர்? நோயாளி எழுந்து நடந்தாரா? இவ்வினாக்களை மரபின் காவலரிடமும் கேட்போம். மேனாட்டு மருந்துக் கம்பனியின் முகவரிடமும் அதே குரலிற் கேட்போம்.

மரபு என்பது மக்களின் நெடுநாள் உழைப்பின் சேமிப்பு. அதில் பொன்னும் உண்டு, பதரும் உண்டு. பதரையும் பொன்னென்று விற்பவன் மரபின் நண்பனல்லன். ஹொ ஜுன் தம் நூலை எழுதியது அரண்மனைக்கு நற்சான்று பெறுவதற்காக அன்று. போரினாலும் பிணியினாலும் நொந்த மக்கள் கையில் மருந்து சேர வேண்டும் என்பதற்காக. அந்த வழியில் வந்தோமென்று உரிமை பாராட்டுவோர், குருதிக் குப்பியை ஆய்வுமேசையில் வைத்துவிட்டு ஒருகணம் திரும்பிப் பார்க்கட்டும். அக்குருதியைத் தந்தவர் இன்னமும் கட்டிலிற் கிடக்கின்றார். அவர் கேட்பது சான்றிதழையன்று. எழுந்து நிற்பதற்கு ஒரு கையை.